சீனியர் சிஸ்டரைப் பார்த்து எடுக்கும் முடிவு: நர்சிங் மாணவர்களும் வெளிநாட்டு வேலையும்

நர்சிங் படிக்கும்போதே வெளிநாட்டு வேலைக்குக் கணக்குப் போடுவது வளரும் நாடுகளில் சாதாரணமாகிவிட்டது. இதுபற்றி மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், மருத்துவமனை நிர்வாகிகள் எனப் பலரும் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

முதலாமாண்டில் வெளிநாடு என்ற பேச்சே எடுக்காத மாணவிகள், இறுதியாண்டில் அதைத் தவிர வேறு பேசுவதில்லை. நடுவில் என்ன நடக்கிறது? பணம் மட்டும்தான் காரணமா?
*- நர்சிங் கல்லூரி ஆசிரியை*

நடுவில் நடப்பது வார்டு போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டில் பயிற்சி. முதலாமாண்டு மாணவிக்கு நர்ஸ் வேலை புத்தகத்தில் இருக்கிறது. மூன்றாமாண்டில் அது கண்ணெதிரே நடக்கிறது. பதினைந்து வருட சர்வீஸ் உள்ள சீனியர் சிஸ்டர், போன மாதம் சேர்ந்த பெண் செய்யும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அதே நைட் டூட்டி, கிட்டத்தட்ட அதே சம்பளம், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் நோயாளியின் முன்னாலேயே வாங்கும் அதே திட்டு. மாணவி அந்த சீனியரிடம் தன்னுடைய பதினைந்தாவது வருடத்தைப் பார்த்துவிடுகிறாள். முடிவு அங்கேயே எடுத்தாகிவிட்டது. ஏஜென்டின் நோட்டீஸ் அப்புறம்தான் வருகிறது.

பணம் பெரிய காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் சம்பளம் குறைவு என்பதைவிட, சட்டம் சொன்ன சம்பளமும் கைக்கு வருவதில்லை என்பதுதான் மாணவர்களை அதிகம் கசக்க வைக்கிறது. பிலிப்பைன்ஸில் அரசு நர்ஸின் ஆரம்பச் சம்பளப் படி எது என்று 2002-ல் சட்டமே போட்டார்கள். அந்த விதி செல்லும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஆனால் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியது நாடாளுமன்றம் என்றும் சேர்த்தே சொன்னது. இந்தியாவில் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு 2016-ல் ஒரு கணக்குச் சொன்னது: 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும், 100 முதல் 200 படுக்கை என்றால் 10 சதவீதம் வரை, 50 முதல் 100 என்றால் 25 சதவீதம் வரை குறையலாம். பரிந்துரை பரிந்துரையாகவே பல இடங்களில் நின்றுவிட்டது.

பணத்துக்கு அடுத்து வருவது ஏணி. அமெரிக்காவில் 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு தொடங்கியது. இன்று அந்தப் படிப்பு முடித்தவர் நோயாளியைப் பரிசோதித்து மருந்தே எழுதுகிறார். பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையின் சம்பளப் படிகளில் பேண்ட் 5-ல் சேரும் நர்ஸுக்கு 6, 7, 8 என்று மேலே படிகள் தெரிகின்றன. வளரும் நாடுகள் பலவற்றில் ஸ்டாஃப் நர்ஸுக்கு மேல் இருக்கும் பதவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் யாராவது ஓய்வு பெற்றால்தான் காலியாகும்.

வேலைப்பளு மூன்றாவது. கலிபோர்னியாவில் பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிகள், ஐ.சி.யூ.வில் 2 பேர் என்பது சட்டம். இதைப் படித்துவிட்டு வார்டுக்குப் போகும் மாணவி, இருவர் நாற்பது பேரைப் பார்ப்பதைக் காண்கிறாள். வகுப்பில் நர்சிங் கேர் பிளான் எழுதச் சொல்கிறீர்கள். வார்டிலோ இண்டென்ட் (மருந்தும் பொருளும் கேட்டு எழுதும் சீட்டு) எழுதவும் பில்லிங்குக்கு ஓடவும்தான் நேரம் போதுகிறது. படித்ததைச் செய்யவிடும் இடம் எங்காவது இருக்கும் என்ற நினைப்பு அவளை விமானம் ஏற வைக்கும் காரணங்களில் ஒன்று. பேட்டி எடுக்கும் ஆராய்ச்சியாளர்கள் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டால் இது வெளியே வராது.

கல்விக்கடன், ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் அக்காவோ அத்தையோ, திருமணப் பேச்சு என்று வீட்டுப் பக்கமும் காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: போவேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் போவதில்லை. மொழித் தேர்வு, செலவு, குடும்பம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் குறைந்துகொண்டே வரும். மாணவர்களின் விருப்பத்தை மட்டும் கணக்கெடுத்து, நாடே காலியாகப் போகிறது என்று எழுதும் கட்டுரைகளை அதனால்தான் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரு பக்கம் நர்ஸ் பற்றாக்குறை என்கிறார்கள். இன்னொரு பக்கம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறார்கள். எது நிஜம்?
*- படித்து முடித்து வேலை தேடும் வாசகர்*

இரண்டும் நிஜம். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள் இருக்கிறார்கள். பற்றாக்குறை 58 லட்சம். இந்தப் பற்றாக்குறை மக்கள்தொகைக்கு எத்தனை பேர் தேவை என்று போட்ட கணக்கு. வேலை கிடைப்பது அந்தக் கணக்கைப் பார்த்து இல்லை; சம்பளம் கொடுக்க பட்ஜெட்டில் எத்தனை இடத்துக்குப் பணம் இருக்கிறது என்பதைப் பார்த்து.

நோயாளிக்கு நர்ஸ் தேவை, ஆனால் அரசு பதவியை உருவாக்கவில்லை. பதவி உண்டு, நிதித்துறை ஒப்புதல் இல்லை. ஒப்புதல் உண்டு, ஒப்பந்த முறையில் பாதிச் சம்பளம். இப்படி ஒவ்வொரு படியிலும் இடம் சுருங்குகிறது. கானாவில் பயிற்சி முடித்தவர்கள் அரசின் நிதி ஒப்புதலுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நாடே பார்படோஸுடன் ஒப்பந்தம் போட்டு 2020-ல் 95 நர்ஸ்களை அனுப்பியது. வேலை கொடுக்க முடியாத அரசே வேலைக்கு வழி தேடிக்கொடுத்தது என்று இதைப் பார்க்கலாம். தேவை இருந்தும் பணம் ஒதுக்கவில்லை என்றும் பார்க்கலாம். கானாவின் பெயர் உலக சுகாதார நிறுவனத்தின் பற்றாக்குறை நாடுகள் பட்டியலில் இருப்பதால், இரண்டாவது பார்வைக்கே எங்கள் ஓட்டு.

நான் இரண்டாமாண்டு படிக்கிறேன். வெளிநாடு போவது என்று முடிவு செய்துவிட்டேன். இப்போதே என்ன செய்ய வேண்டும்? சீனியர்கள் "முதல்ல ஐ.இ.எல்.டி.எஸ். எழுதிடு" என்கிறார்கள்.
*- இரண்டாமாண்டு மாணவி*

ஐ.இ.எல்.டி.எஸ். படிக்கத் தொடங்குங்கள், எழுத வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ். பொதுவான ஆங்கிலத் தேர்வு, ஓ.இ.டி. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. இரண்டின் மதிப்பெண்ணும் பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும். இரண்டாமாண்டில் எழுதி 7 வாங்கினாலும், படிப்பு முடிந்து, நர்ஸ்களைப் பதிவு செய்யும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, அனுபவம் சேர்த்து விண்ணப்பிக்கும்போது அது காலாவதியாகியிருக்கும். திரும்பவும் கட்டணம், திரும்பவும் பதற்றம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய வேலை பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, கவுன்சில் பதிவில் இனிஷியல் பின்னால் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், வெளிநாட்டு அலுவலருக்கு அவை மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் சில நாடுகளின் கணினிப் படிவம் மேலே நகராது. கல்லூரியிலும் கவுன்சிலிலும் பெயர் ஏறும் முன்பே பாஸ்போர்ட்டில் இருப்பதைப் போலவே எழுத வைத்துவிடுங்கள். பின்னால் திருத்துவதற்கு பிரமாணப் பத்திரம், அரசிதழ் என்று மாதங்கள் ஓடும்.

அடுத்தது மணிக்கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் பொது நர்ஸ் படிப்பு என்றால் குறைந்தது 3 வருடம், 4,600 மணி நேரம். அதில் வகுப்பு மூன்றில் ஒரு பங்காவது, நோயாளியருகே பயிற்சி பாதியாவது இருக்க வேண்டும். உங்கள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு உட்காரும் அலுவலர் இந்த மாதிரி ஓர் அளவுகோலை வைத்துத்தான் பார்ப்பார். மதிப்பெண் பட்டியல் மட்டும் அவருக்குப் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று தனித்தனியாகக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். அடிக்கடி குறை விழுவது மனநல நர்சிங், குழந்தைகள் நலம், சமூக நல நர்சிங் மணிகளில்தான். வார்டில் செய்ததைப் பதியும் லாக் புக்கைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பும் வழக்கம் உங்கள் பேட்சில் இருந்தால் நீங்கள் அதில் சேராதீர்கள். சிலபஸ் புத்தகத்தின் ஒரு பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருடமே சிலபஸ் மாறிவிடலாம்.

டிரான்ஸ்கிரிப்ட்டையும், உங்கள் பதிவு உண்மைதான் என்று கவுன்சில் தரும் சரிபார்ப்புக் கடிதத்தையும் பல நாடுகள் உங்கள் கையிலிருந்து வாங்குவதில்லை. கல்லூரியும் கவுன்சிலும் நேரடியாக அனுப்ப வேண்டும். கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று நீங்கள்தான் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

படிப்பு முடிந்ததும் இடைவெளி விடாதீர்கள். "தேர்வுக்குப் படிக்கிறேன்" என்று இரண்டு வருடம் வீட்டில் இருந்தால் வளைகுடா நாடுகளின் லைசென்ஸுக்கு அதுவே முட்டுக்கட்டை. சேருவதாக இருந்தால் ஐ.சி.யூ., அவசரச் சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் மாதிரி ஒரு பிரிவில் தொடர்ந்து இரண்டு வருடம். மூன்று மாதத்துக்கு ஒரு வார்டு என்று மாற்றிக்கொண்டே இருக்கும் மருத்துவமனையில் நீங்கள் நிறையக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அனுபவச் சான்றிதழில் அது மெலிந்து தெரியும்.

வரிசை இதுதான்: பெயர், பாஸ்போர்ட், லாக் புக், டிரான்ஸ்கிரிப்ட், கவுன்சில் பதிவு, அனுபவம், அந்த அனுபவத்தின் இரண்டாம் வருடத்தில் மொழித் தேர்வு, பிறகு லைசென்ஸ் தேர்வு. ஜெர்மனி மட்டும் விதிவிலக்கு. அந்த மொழியை அ, ஆவிலிருந்து கற்க வேண்டும் என்பதால் முன்பே தொடங்கலாம்.

பல்கலைக்கழகத்தில் ரேங்க் வாங்கிய சீனியர்கள் அமெரிக்க லைசென்ஸ் தேர்வான என்க்ளெக்ஸிலும் பிரிட்டனின் செய்முறைத் தேர்வான ஓஸ்கியிலும் தோற்கிறார்கள். சுமாராகப் படித்தவர்கள் தேறுகிறார்கள். ஏன்?
*- இறுதியாண்டு மாணவர்*

இந்தத் தேர்வுகள் ஞாபகத்தைச் சோதிப்பதில்லை. பல்கலைக்கழகம் "தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் சிக்கல்களை எழுதுக" என்று கேட்கும். என்க்ளெக்ஸ் இப்படிக் கேட்கும்: உங்கள் பொறுப்பில் நான்கு பேர். குடல்வால் அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு 7 என்கிறார் ஒருவர். சர்க்கரை 210 உள்ளவர் ஒருவர். நேற்று தைராய்டு எடுக்கப்பட்டு, இன்று உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்பவர் ஒருவர். வீட்டுக்குப் போகத் தயாராக, மருந்து விளக்கத்துக்குக் காத்திருப்பவர் ஒருவர். முதலில் யாரிடம் போவீர்கள்?

நிறையப் பேர் வலிக்காரரிடம் போவார்கள். போக வேண்டியது மரத்துப்போகிறவரிடம். பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் கால்சியம் இறங்கும். உதட்டில் மரமரப்பு அதன் முதல் அடையாளம். அடுத்து குரல்வளை இறுகி மூச்சே அடைக்கலாம். 210 சர்க்கரையும் 7 வலியும் கொஞ்ச நேரம் பொறுக்கும், மூச்சு பொறுக்காது. சிக்கல்களை வரிசையாக ஒப்பிப்பவருக்கு இந்தப் பதில் தெரியும், ஆனால் தெரிந்ததை அந்தக் கட்டிலருகே கொண்டு வரத் தெரிவதில்லை.

என்க்ளெக்ஸின் அமைப்பும் பழகாதது. 85-லிருந்து 150 கேள்வி வரை போகும், 5 மணி நேரம். நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே என்றோ கீழே என்றோ கணினிக்கு 95 சதவீதம் உறுதி ஆனதும் நின்றுவிடும். ஆகவே 85-லேயே திரை அணைந்தால் தேறியிருக்கலாம், தோற்றிருக்கலாம். அதைவைத்து அழுவதற்கோ இனிப்பு வாங்குவதற்கோ இடமில்லை. 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்வி தொடர்ந்து கேட்கும் பகுதியும் உண்டு. தோற்றால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி.

பிரிட்டனில் முதலில் கணினித் தேர்வு. அதில் மருந்துக் கணக்கு தனிப் பகுதி. 350 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், 4 மில்லியில் 500 மில்லிகிராம் இருக்கிறது என்றால் 350-ஐ 500-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்க வேண்டும்: 2.8 மில்லி. ஒரு லிட்டர் திரவம் 8 மணி நேரத்தில், மில்லிக்கு 20 சொட்டு என்றால், 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்து நிமிடத்துக்கு 42. கணக்கு சுலபம்தான். கண்பார்வையில் சொட்டை ஓடவிட்டுப் பழகியவர்கள்தான் இதில் சறுக்குகிறார்கள்.

பிறகு ஓஸ்கி: பத்து நிலையங்கள். நான்கில் ஒரே நோயாளியை மதிப்பிட்டு, திட்டமிட்டு, செய்து, முடிவைப் பதிவு செய்ய வேண்டும், நான்கு கைத்திறன், இரண்டு பேச்சில்லாமல் எழுதுவது. இங்கே தோற்பவர்களுக்கு ஊசி போடத் தெரியாமல் இல்லை. கையைக் கழுவவில்லை; கைப்பட்டையைப் பார்த்துப் பெயரும் பிறந்த தேதியும் சரிபார்க்கவில்லை; அலர்ஜி கேட்கவில்லை; என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிச் சம்மதம் வாங்கவில்லை; எழுத்துப் பிழையை ஒரே கோட்டால் அடித்துக் கையெழுத்திடாமல் கிறுக்கி அழித்துவிட்டார்கள். நாற்பது பேர் வார்டில் நேரமில்லாமல் விட்டுப்போன பழக்கங்கள் எல்லாம் இங்கே மதிப்பெண்ணாகக் கழியும். பயிற்சி செய்யும்போது வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மனதில் சரிபார்த்ததைத் தேர்வாளர் பார்க்க முடியாது.

மொழித் தேர்வில் எழுத்துப் பகுதி மட்டும் தேறவில்லை. ஓ.இ.டி.க்கு மாறலாமா?
*- பணியில் இருக்கும் நர்ஸ்*

பிரிட்டன் நர்சிங் கவுன்சில் ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் படித்தல், கேட்டல், பேசுதலுக்கு 7-ம் எழுத்துக்கு 6.5-ம் கேட்கிறது; ஓ.இ.டி.யில் மூன்றுக்கு பி, எழுத்துக்கு சி பிளஸ். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சில நிபந்தனைகளோடு சேர்த்தும் காட்டலாம். பலருக்கு இது தெரியாமலே மூன்றாவது முறை பணம் கட்டுகிறார்கள்.

ஓ.இ.டி. எழுத்து என்பது நோயாளியின் குறிப்பைப் படித்து 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். வார்டில் இருப்பவருக்கு விஷயம் பழக்கமானது என்பதால் மாறுவதில் தப்பில்லை. ஆனால் குறிப்பில் இருப்பதை எல்லாம் கடிதத்தில் கொட்டினால் தேற முடியாது. வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடப் போகும் சமூக நல நர்ஸுக்கு எழுதுகிறீர்கள் என்றால், அவருக்கு இருபது வருடம் முன் நடந்த கண்புரை அறுவை தேவையில்லை. புண்ணின் அளவும் அடுத்த கட்டு எப்போது என்பதும் தேவை. எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

எந்த நாடு நல்லது?
*- பல வாசகர்கள்*

உங்களுக்கு எது அவசரம் என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் பணம் வேண்டும், குடியேறும் எண்ணமில்லை என்றால் வளைகுடா. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் வேலை போனால் விசாவும் போகும், எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமை என்பது அநேகமாக நடக்காத விஷயம். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனம் மூலமாகக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நேராகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். "இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். பொய்ச் சான்று என்று ஒரு முறை அறிக்கை வந்துவிட்டால் அது உங்களை விட்டுப் போகாது.

அமெரிக்காவில் சம்பளம் அதிகம், காத்திருப்பும் அதிகம். நர்ஸ்கள் வழக்கமாகப் போகும் இ.பி.-3 கிரீன் கார்டு வரிசையில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இடமில்லை. கணக்கில் வருவது பிறந்த நாடு. குடியுரிமையும் படித்த இடமும் அல்ல. இந்தியாவில் பிறந்தவர் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருக்க நேர்கிறது. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் சேர முடியும்.

ஜெர்மனியில் வரவேற்பு உண்டு, ஆனால் தொழில் அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 அளவு (நடுநிலைக்கு மேலான) ஜெர்மன் வேண்டும். உங்கள் படிப்பில் குறை என்று மாநில அலுவலகம் எழுதினால் ஒரு தேர்வோ பயிற்சிக் காலமோ முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளர் சம்பளம்தான். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள்: நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது அங்கே நர்ஸின் வேலை, ஆயாவுக்கோ உறவினருக்கோ விடுவது அல்ல. பட்டம் வாங்கி ஐ.சி.யூ.வில் இருந்தவர்கள் பலர் முதல் மாதத்தில் மனம் உடைவது இங்கேதான்.

மகளின் வேலைக்கு ஏஜென்ட் பெருந்தொகை கேட்கிறார். அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
*- ஒரு தந்தை*

இரண்டையும் கொடுக்காதீர்கள், ஐயா. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ம் வருட 181-வது உடன்படிக்கை, வேலைவாய்ப்பு ஏஜென்சி தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. எல்லா நாடும் இதில் கையெழுத்துப் போடவில்லை. சில நாடுகள் ஒரு வரம்பு வைத்து அனுமதிக்கின்றன. ஆனால் இங்கிலாந்தின் ஆளெடுப்பு நெறிமுறையும் ஏஜென்சி நர்ஸிடம் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. நெறிமுறையை ஏற்ற ஏஜென்சிகளின் பட்டியலை என்.ஹெச்.எஸ். (அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை) எம்ப்ளாயர்ஸ் இணையதளத்தில் வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனிக்கு 2013-லிருந்து நடக்கும் டிரிப்பிள் வின் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. தேர்வுக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று அந்தந்த அமைப்புக்கு நேராகக் கட்டுவது வேறு. அதற்கு ரசீது வரும். "சர்வீஸ் சார்ஜ்" என்று மொத்தமாகக் கேட்பதுதான் சிக்கல்.

பணம் கேட்காத இடத்திலும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். இரண்டு, மூன்று வருடம் வேலை செய்யாமல் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி வழக்கமாக இருக்கும். அதில் எந்தச் செலவு, எவ்வளவு என்று தொகை எழுதியிருக்க வேண்டும். மாதம் போகப் போகத் தொகை குறைய வேண்டும். இருபதாவது மாதத்தில் விலகினாலும் முழுத் தொகை என்றால் அது நியாயமான ஒப்பந்தம் இல்லை. அங்கே போய் லைசென்ஸ் தேர்வில் தோற்றால் என்ன ஆகும், எத்தனை முறை எழுத விடுவார்கள், அதுவரை என்ன சம்பளம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்க முடியாது.

அசல் சான்றிதழைத் தூதரகமோ அரசு அலுவலகமோ சரிபார்த்த உடனே திருப்பித் தரும். ஏஜென்டின் பீரோவில் அது இருக்க எந்தக் காரணமும் இல்லை. தற்போது வேலை செய்யும் மருத்துவமனையே சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தாலும் இதே பதில்தான்.

நர்ஸாகப் போக முடியாவிட்டால் பராமரிப்புப் பணியாளராகப் போய், அங்கே போனபின் நர்ஸாக மாறலாம் என்கிறார்களே?
*- நர்சிங் பட்டதாரி*

சொல்பவர்கள் நிறைய, மாறியவர்கள் குறைவு. முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு மணி ஷிப்டுக்குப் பிறகு தேர்வுக்குப் படிக்க வேண்டும். அந்த வேலை நர்ஸ் அனுபவமாகவும் பெரும்பாலும் கணக்கில் வராது. இரண்டு, மூன்று வருடத்தில் இடைவெளி விழுந்து, லைசென்ஸே எட்டாமல் போகும். பிரிட்டன் 2025 ஜூலை 22-லிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டது. இன்னும் அந்த விசா வாங்கித் தருவதாகச் சொல்பவர் உங்கள் பணத்தைத்தான் பார்க்கிறார்.

மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாடு போவது துரோகம் இல்லையா?
*- ஓய்வுபெற்ற அரசு ஊழியர்*

கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் இருபத்திரண்டு வயதுப் பெண் அல்ல. ஒரு நர்ஸை உருவாக்கும் செலவைத் தாய்நாடு செய்கிறது. பலனைப் பணக்கார நாடு எடுத்துக்கொள்கிறது. அனுப்பும் பணம் குடும்பத்துக்கு வருகிறது, அவள் விட்டுப்போன வார்டுக்கு வருவதில்லை. இதை உணர்ந்துதான் உலக சுகாதார சபை 2010 மே மாதம் வெளிநாட்டு ஆளெடுப்புக்கு ஒரு நெறிமுறையை ஏற்றது. அதன் அடிப்படையில் 2023-ல் வெளியான பற்றாக்குறை நாடுகள் பட்டியலில் 55 நாடுகள் இருக்கின்றன. நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், நைஜீரியா, கானா, ஜிம்பாப்வே எல்லாம் அதில் உண்டு. இந்தியாவும் பிலிப்பைன்ஸும் இல்லை. இந்த 55 நாடுகளில் வலிய போய் ஆள் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். நெறிமுறை கட்டாயமல்ல. தனி ஒருவர் தானாக விண்ணப்பிப்பதை அது தடுக்கவும் இல்லை, தடுக்கவும் கூடாது.

பணக்கார நாடுகள் தங்களுக்கு வேண்டிய நர்ஸ்களைத் தாங்களே படிக்க வைக்காமல் இருப்பது மலிவான ஏற்பாடு. அந்த நாடுகளில் வேலை செய்யும் நர்ஸ்களில் 23 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்கிறது முன்பு சொன்ன 2025 அறிக்கை. துரோகம் என்ற சொல்லை எங்காவது வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஏற்பாட்டின் மேல் வையுங்கள். அதோடு, வளரும் நாடுகளில் நிறையப் பேர் தனியார் கல்லூரியில் சொந்தக் கடனில் படித்தவர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பாண்டு போட்டாலும் ஓடுகிறார்கள். எப்படித்தான் நிறுத்துவது?
*- மருத்துவமனை நிர்வாகி*

கதவைப் பூட்டிப் பார்த்த நாடுகளின் அனுபவம் அவ்வளவு நன்றாக இல்லை. பிலிப்பைன்ஸ் 2020 நவம்பரில் வருடத்துக்கு 5,000 பேர்தான் போகலாம் என்றது. பிறகு அந்த எண்ணை உயர்த்த வேண்டியதாயிற்று. நைஜீரியா 2024-ல் இரண்டு வருடம் வேலை செய்யாதவருக்குச் சரிபார்ப்புக் கடிதம் கிடையாது என்றது. நர்ஸ்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜிம்பாப்வேயில் அந்தக் கடிதத்தை இறுக்கியபோது, பலர் நர்ஸ் என்ற அடையாளத்தையே விட்டுப் பராமரிப்புப் பணியாளராகப் போனார்கள். நாட்டுக்கும் நர்ஸ் இல்லை, அவர்களுக்கும் தொழில் இல்லை.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். டூட்டி ரோஸ்டரை நாலு வாரம் முன்பே ஒட்டுங்கள். நாளைக்கு நைட் என்று இன்று மாலை சொல்லும் இடத்தில் யாரும் தங்குவதில்லை. மூன்று, ஆறு, பத்து வருடத்தில் பதவியின் பெயரும் சம்பளமும் மாறும்படி படிகள் வையுங்கள். புண் பராமரிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு, டயாலிசிஸ் மாதிரி ஒரு துறையில் முடிவெடுக்கும் அதிகாரத்தை நர்ஸுக்கே கொடுங்கள். இண்டென்ட், பில்லிங் வேலைக்கு ஒரு கிளார்க்கைப் போடுங்கள். ஒரு கிளார்க்கின் சம்பளத்தில் நர்ஸ்களின் நேரம் மிஞ்சும். நோயாளியின் உறவினர் கை ஓங்கினால் புகார் எழுத வேண்டியது நிர்வாகம். அடிபட்ட நர்ஸைக் காவல் நிலையத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள். கிராமப்புறத்துக்கு ஆள் வேண்டும் என்றால், கிராமப்புறத்தில் வளர்ந்தவர்களைப் படிக்க வைத்து அங்கேயே குடியிருப்பு கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2010-லும் 2021-லும் சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று.

பாண்டைவிடச் சின்ன விஷயம் ஒன்று: இரண்டு வருடம் நன்றாக வேலை செய்துவிட்டுப் போகிறவருக்கு அனுபவச் சான்றிதழை இழுத்தடிக்காமல் கொடுத்தால், அடுத்த பேட்ச் உங்களிடம் இரண்டு வருடம் தைரியமாக வந்து சேரும்.

ஐந்தாறு வருடம் கழித்துத் திரும்பி வர நினைக்கிறேன். அங்கே செய்த வேலை இங்கே கணக்கில் வருமா?
*- கிளம்பத் தயாராகும் நர்ஸ்*

தானாக வராது, பல நாடுகளில் அரசுப் பணியில் வெளிநாட்டு அனுபவத்துக்குச் சீனியாரிட்டியே கிடையாது. தனியார் மருத்துவமனையும் கல்லூரியும் பார்ப்பார்கள், காகிதம் சரியாக இருந்தால். தாய்நாட்டுக் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அங்கே ஒவ்வொரு வேலையை விடும்போதும் சான்றிதழில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, எந்தப் பதவி என்பதெல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டவரின் அலுவலக மின்னஞ்சலும் இருக்கட்டும். பயிற்சி வகுப்புகளின் மணிக்கணக்கையும் சேர்த்து வையுங்கள். மேற்படிப்பு படிப்பதாக இருந்தால், அந்தப் பட்டத்தைத் தாய்நாட்டில் ஏற்பார்களா என்று பணம் கட்டும் முன் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள்.